அருளப்பு அண்ணை அறுத்த இறக்கை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, லண்டன் வெம்பிளியில் என் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. செவன் கிங்ஸிலிருந்து அருளப்பு அண்ணையின் மனைவி திரேசா அக்கா பேசினார்.

"தம்பி, அவர் விடிய எழும்பேல்லை. நித்திரையிலேயே போயிட்டார்."

பிறகு, "கிளப் ஆக்களுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார்.

திரு. பிலிப் அருளப்பு அவர்களை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். மன்னாரில் பிறந்தவர், லண்டனில் பஸ் டிப்போ ஒன்றில் மெக்கானிக். இருவர் அமரக்கூடிய மர விமானம் ஒன்றை வீட்டிலேயே தம் கையால் கட்டிப் பறந்தவர். நான் வேறு மூவரோடு சேர்ந்து ஒரு பழைய விமானத்தில் பங்கு வைத்திருந்தேன். எசெக்ஸில் இருந்த எங்கள் சிறுவிமானக் கிளப்பில் தமிழர் நாங்கள் இருவர்தான்.

விமானத்தின் உடலை அவர் கராஜில் கட்டினார். செட்டைகள் என்று நாங்கள் சொல்லும் இறக்கைகளை, செட்டி எனப்படும் சோபாவை அகற்றிவிட்டு, முன் அறையில் செய்தார். "வீட்டுக்கு ஆக்கள் வந்தால் இருக்கிறதுக்குச் செட்டி இல்லை, செட்டைதான் இருக்கு" என்பார் திரேசா அக்கா.

சனிக்கிழமைகளில் நானும் உதவிக்குப் போவேன். எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு தை மாதம், வலது இறக்கையின் பாரத்தைத் தாங்கும் நீண்ட மரச்சட்டத்தை ஒட்டினோம். பசை காயும்வரை அறை சூடாக இருக்கவேண்டும். ஹீட்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் ஷிப்டுக்குப் போனார். ஹீட்டரின் மணம் எனக்குத் தலையிடியைத் தந்தது. அதை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு, வீடுகளில் கட்டப்படும் விமானங்களைப் பார்க்கக் கிளப்பில் ஒரு ஞாயிறு சுற்றுலா ஏற்பாடாயிற்று. ஒரு மினிபஸ்ஸில் பன்னிரண்டு பேர் போனோம். முதலில் ஒரு பண்ணைக் கொட்டகை, பிறகு ஒரு தச்சுப்பட்டறை, கடைசியாக அருளப்பு அண்ணை வீடு. திரேசா அக்கா மீன் ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார்.

ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் இரண்டு சிறு மரத்துண்டுகளை ஒட்டி, இலக்கமிட்டு வைப்பது அவர் வழக்கம். வந்தவர்களில் ஒருவரிடம் அவற்றுள் ஒன்றைக் கொடுத்து, முறித்துப் பார்க்கச் சொன்னார். நல்ல ஒட்டென்றால் மரம்தான் கிழியும். இது ஒட்டிய இடத்தில் வழுவழுவென்று பிரிந்தது. அண்ணை துண்டைத் திரும்ப வாங்கினார். இலக்கத்தைப் படித்தார். அந்தத் தை மாதத்துச் சட்டம்.

துண்டில்தான் பிழை இருக்கும் என்று ஒருவர் ஆங்கிலத்தில் சமாதானம் சொன்னார். அருளப்பு அண்ணை மரம் அறுக்கும் வாளை எடுத்தார்.

"அண்ணை, இவையளுக்கு முன்னாலை வேண்டாம். போனாப் பிறகு ஆறுதலாப் பாப்பம்" என்றேன்.

"இவை போனாப் பிறகு எண்டால் நான் அறுக்கமாட்டன். மனம் ஏதாவது ஒரு நியாயம் கண்டுபிடிச்சிடும்."

நான்கு ஆண்டு உழைப்பான அந்த வலது இறக்கையை எல்லோர் முன்னிலையிலும் குறுக்கே அறுத்தார். அறுத்த இடத்தில் உளியை வைத்துத் தட்டினார். சட்டத்தில் ஒட்டியிருந்த பலகைகள் தனித்தனியாகக் கழன்றன. அதன்பின் எவரும் ரோல்ஸைத் தொடவில்லை. "தேத்தண்ணி ஆறுது" என்று அவரே எல்லோரையும் அழைத்துப்போனார்.

மினிபஸ் புறப்பட்டதும் நான் போகாமல் நின்று உண்மையைச் சொன்னேன்.

"தெரியும். நான் ஷிப்டாலை வரேக்கை ஹீட்டர் குளிர்ந்து கிடந்தது. அண்டைக்கே உம்மைக் கேட்டிருக்கவேணும். கேக்காமல் விட்டது என்ரை பிழை. வாற சனிக்கிழமை வாரும்" என்றார்.

போனேன். மேலும் ஐந்து ஆண்டுகள் போனேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் விமானம் பறந்தது. சோதனைப் பறப்புகள் முடிந்ததும் முதலில் திரேசா அக்காவையும் அடுத்து என்னையும் ஏற்றிச் சென்றார். வலது இருக்கையில், அந்த இறக்கையின் பக்கமாக நான் இருந்தேன்.

சென்ற ஆண்டு தோட்டத்தில் அவருக்கு ஒருமுறை தலை சுற்றியது. வைத்தியர் சொல்வதற்கு முன்பே பறப்பதை நிறுத்திக்கொண்டு, விமானத்தின் சாவியை என்னிடம் தந்தார். நான் பறக்கும் ஞாயிறுகளில் ஓடுபாதையோரம் ஒரு மடக்குக் கதிரையில் அமர்ந்திருப்பார். கடந்த மாதம் கீழே பார்த்தபோது, கதிரைக்குப் பக்கத்தில் நின்றபடி கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தற்செயலாக எழுந்திருப்பார் என்று நினைத்தேன்.

நேற்று, அடக்கம் முடிந்தபின் திரேசா அக்கா சொன்னார்: "நீங்கள் இறங்குமட்டும் அவர் ஒருநாளும் கதிரையிலை இருக்கிறேல்லை, தம்பி. நிண்டபடிதான்."

அண்ணை, நான் பத்திரமாக இறங்கிவிட்டேன். இனி நீங்கள் ஆறுதலாக இருங்கள்.