கால் இல்லாத பலகை

பன்னிரண்டு வருடம் நாங்கள் புக்கிட் ரம்பாயில் வாடகை வீட்டில் இருந்தோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டு உரிமையாளரின் முதல் நிபந்தனை. மற்ற நிபந்தனைகள் எனக்கு மறந்துவிட்டன. என் வயிற்றெரிச்சலுக்கு அந்த ஒன்றே போதும். காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில் நூல் கட்டித்தான் தொங்கவிட்டேன். சாமி படங்கள் ஐஸ்பெட்டியின் மேல் இருந்தன. நடுவில் முருகன், ஒரு பக்கம் அம்மன், ஒரு பக்கம் பிள்ளையார். பெட்டிக்குள்ளே மீனும் கோழியும். வெள்ளிக்கிழமை என்றால் முதல் வேலையாகப் பெட்டியைத் துடைத்துவிட்டுத்தான் கைவிளக்கை ஏற்றுவேன்.

அதைத்தான் அண்ணி ஒரு நாள் பார்த்துவிட்டார். அண்ணி என்பவர் என் கணவரின் அக்கா, பெம்பானில் இருக்கிறார். என் மாமியார் காலமானபோது அவருடைய பித்தளைக் குத்துவிளக்கு அண்ணி வீட்டில் தங்கிவிட்டது. மகனுக்குச் சொந்த வீடு அமைந்ததும் விளக்கு அங்கே போக வேண்டும் என்று மாமியார் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். அண்ணி ஐஸ்பெட்டியையும் முருகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கோழிக்கு மேல உக்கார வச்சிருக்கியே சாமிய,” என்றார். “அம்மா வெளக்குக்கு மொதல்ல ஒரு எடம் அமையட்டும். அப்புறம் பாக்கலாம்.”

அடுப்படிக்குப் போய் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினேன். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு அதிகக் கோபம்.

போன வருடம் பாயா ரும்புட்டில் வீடு வாங்கினோம். ஒற்றை மாடி வரிசை வீடு, மூன்று அறை, முன்னால் ஒரு கார் நிற்கிற இடம். சாவி கையில் வந்த அன்று எல்லோரும் அறைகளைச் சுற்றிப் பார்த்தார்கள். நான் ஹாலில் நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். இதில் நான் எங்கே வேண்டுமானாலும் ஓட்டை போடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்து இன்னொரு முறை தடவினேன்.

ஹால் அகலம் குறைவு. காலுள்ள சாமி அலமாரி வாங்கினால் நடக்கிற வழி போய்விடும், அடியில் கூட்டவும் முடியாது. அதனால் சுவரிலேயே மிதக்கிற மாதிரி ஒரு பலகை போடுவது என்று முடிவு செய்தேன். அடியில் முட்டுச்சட்டம் தெரியாது, கால் கிடையாது. பார்த்தால் சுவரிலிருந்து பலகை தானாக முளைத்த மாதிரி இருக்கும். போனில் அண்ணியிடம் சொன்னேன்.

“கால் இல்லாத பலகையிலயா அம்மா வெளக்க வைக்கப் போற? எரியிற வெளக்கு விழுந்தா வீட்டுக்கு ஆகுமா? அலமாரி வாங்கு. இல்லன்னா வெளக்கு இங்கயே இருக்கட்டும்.”

“நிக்கும் அண்ணி. நின்னா குடுப்பீங்களா?”

“வந்து பாக்கறேன்லா,” என்றார். அந்த ‘லா’வில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை.

நான் ஒரு தொழிற்சாலையில் கியூசி வேலை செய்கிறேன். பதினெட்டு வருடமாகப் பிளாஸ்டிக் பாகங்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, சரியில்லாததன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் பிழைப்பு. என் லைனில் உள்ளவர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. ஒரு முடி அளவு கோணல் என்றாலும் கழித்துவிடுவேன். அப்படிப்பட்டவளிடம் ‘வந்து பார்க்கிறேன்’ என்று சொன்னால் சும்மா விடுவேனா. அன்றைக்கே அளவு நாடாவை எடுத்தேன்.

முதலில் எடை. பெம்பானுக்குப் போன என் கணவர் விளக்கோடு ஒரு முறையும் விளக்கில்லாமல் ஒரு முறையும் எடை பார்க்கும் தராசில் ஏறி நின்று, ஆறு கிலோ என்று குசுகுசுவென்று போனில் சொன்னார். அக்காவுக்குத் தெரியாமல் செய்தாராம். படங்கள், பூத்தட்டு, பழம், தேங்காய் எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு கிலோ வரும். நான் இருபத்தைந்து என்று வைத்துக்கொண்டேன்.

ஹார்ட்வேர் கடையில் பெட்டியில் அடைத்து விற்கிற ரெடிமேட் பலகைகள் உள்ளே வெறும் கூடு. கடை முதலாளியான சீனத் தவுக்கே அதைத் தட்டிக் காட்டினார். “புவாட் ஹியாசான் சாஜாலா, ஆச்சி,” என்றார், அழகுக்கு மட்டும்தான் என்று. நல்ல மனிதர், விற்க வேண்டிய சாமானைப் பற்றி உண்மையைச் சொன்னார். கெட்டியான நியாத்தோ மரத்தில் மூன்றடி நீளம், ஒன்பது அங்குல அகலத்துக்கு அறுத்துத் தரச் சொன்னேன். பலகையின் பின்பக்க விளிம்பில் நாலு ஆழமான துளை. சுவரில் பொருத்த ஒரு இரும்புப் பட்டை, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நாலு இரும்புக் கம்பி. பட்டையைச் சுவரில் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டுப் பலகையைக் கம்பிகளின் மேல் செருகினால் இரும்பு முழுக்க மறைந்துவிடும். ரகசியம் அவ்வளவுதான்.

ஆனால் பாரம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பலகையின் முன்விளிம்பில் எடை வைத்தால் அது கீழே மட்டும் அழுத்தாது. பட்டையின் மேல் வரிசை ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்கி இழுக்கும். கீழ்ப்பக்கம் சுவரைப் போய் முட்டும். தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். அதனால் பலகை அகலம் குறைவாக இருப்பது நல்லது, மேல் வரிசை ஸ்க்ரூ கெட்டியான இடத்தில் பிடித்திருக்க வேண்டும். மிச்சமெல்லாம் அலங்காரம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்றே காலிலிருந்து நாலே கால் வரை நல்ல நேரம். முதல் ஓட்டை அதற்குள் போட வேண்டும் என்பது அண்ணியின் கட்டளை, எனக்கும் அதில் சம்மதம். சொந்தச் சுவரில் முதல் ஓட்டை, அதுவும் சாமிக்கு. என் கணவர் நீட்டு வயரைத் தேடப் போனவர் நாலு மணிக்குத்தான் திரும்பி வந்தார். அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மழையில் ஓட்டுவார், டிரில் சத்தம் கேட்டால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். அவருக்கு வாக்குவம் குழாயைப் பிடித்துத் தூசியை உறிஞ்சும் வேலை கொடுத்தேன்.

ரசமட்டம் வைத்துப் பென்சிலில் கோடு போட்டிருந்தேன். சுவிட்சுக்கு நேர் மேலே துளைக்கக் கூடாது, அங்கேதான் சுவருக்குள் வயர் ஏறும். காற்றாடிக்கு அடியிலும் கூடாது, விளக்கு அணைந்துவிடும். இதையெல்லாம் பார்த்தவள் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. டிரில்லில் சின்ன ஊசியை மாட்டி ஒரு முறை துளைத்துச் சோதித்து, உள்ளே செங்கல் எங்கே, இரண்டு செங்கலுக்கு நடுவே உள்ள கலவை எங்கே என்று தெரிந்துகொண்டுதான் பெரிய ஊசியை மாட்ட வேண்டும். கடிகாரம் நாலு பத்தைக் காட்டியது. போன் அடித்தது. “ஆரம்பிச்சாச்சா?” என்றார் அண்ணி. “இதோ அண்ணி,” என்று போனை வைத்துவிட்டு நேராகப் பெரிய ஊசியை வைத்து அழுத்தினேன்.

ஊசி சொகுசாக உள்ளே போனது. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. செங்கல் அவ்வளவு சுலபமாக விட்டுக் கொடுக்காது. கீழே விழுந்த தூளைப் பார்த்தேன். மேல்பூச்சின் சாம்பல் நிறம் போய்ச் சிவப்பு வர வேண்டும், வரவில்லை. கடைசி வரை சாம்பல்தான். கலவையில், அதுவும் மட்டமான கலவையில் போய் விழுந்திருக்கிறது. ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்கிற பிளாஸ்டிக் பிளக்கை ஓட்டையில் செருகி ஸ்க்ரூவைத் திருப்பினேன். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் டிரில்லைத் தரையில் வைத்த சத்தத்துக்கு என் கணவர் இரண்டடி பின்னால் போனார்.

“பசையப் போட்டு அடச்சிட்டு அதுலயே முடுக்கிடு,” என்றார் அவர். “மத்த ஸ்க்ரூவெல்லாம் தாங்கும். யாருக்குத் தெரியப் போவுது? இன்னும் கொஞ்ச நேரத்துல ராகு காலம் வந்துடும்.”

“மேல் வரிசை ஓட்டையெல்லாம் இதே கோட்டுலதான் வரும். எல்லாமே கலவையிலதான் போயி விழும். அப்புறம் எது தாங்கும்?”

“அப்ப நாளைக்குப் போடு.”

நாளைக்கு எனக்கு வேலை. அதோடு, கழித்ததைக் கழித்த கையோடு சரி செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சின்ன ஊசியை எடுத்து, அங்குலம் அங்குலமாக மெல்லத் துளைத்துப் பார்த்தேன். மூன்று விரல் மேலே ஏற்றினால் பட்டையின் மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டுமே முழுச் செங்கலில் உட்காரும் என்று தெரிந்தது. கோட்டை அழித்துப் புதுக் கோடு போட்டு முடித்தபோது மணி நாலு முப்பத்தைந்து.

பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து ராகு காலத்தில் நான் ஒரு புதுத்துணிகூட உடுத்தியதில்லை. ஐஸ்பெட்டியின் மேல் இன்னமும் இருந்த முருகனைப் பார்த்தேன். உனக்குத்தான் செய்கிறேன், கோபித்துக்கொள்ளாதே என்று மனதுக்குள் சொல்லிவிட்டு அழுத்தினேன். இந்த முறை ஊசி முரண்டு பிடித்தது. கை அதிர்ந்தது, பல் அதிர்ந்தது. மேல்பூச்சு தாண்டியதும் தூள் செக்கச்செவேல் என்று கொட்டியது. குங்குமம் மாதிரி இருந்தது. எட்டு ஓட்டையும் அப்படியே. பிளக் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டித்தான் இறக்க முடிந்தது. பட்டையை இறுக்கியதும் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தொங்கினேன். என் எடை எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை. பட்டை அசையவில்லை.

பலகையைச் செருகிப் பார்த்தால் முன்விளிம்பு மயிரிழை தாழ்ந்திருந்தது. என் கணவர் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. எனக்குத் தெரிந்தது. பலகையைக் கழற்றி, பட்டையின் கீழ்விளிம்புக்குப் பின்னால் பழைய பிளாஸ்டிக் அட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் செருகி மறுபடி இறுக்கினேன். ரசமட்டத்தின் குமிழ் நடுவில் வந்து நின்றது. என் கையால் செய்த முதல் மரச்சாமான். அன்று இரவு சாப்பிடும்போது அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அதைப் பார்த்தபடியே சாப்பிட்டேன்.

மறுநாள் காலையிலேயே ஐந்து கிலோ அரிசிப் பை ஐந்து வாங்கிவந்து பலகையில் அடுக்கினேன். தினமும் வேலைக்குப் போவதற்கு முன்னால் தரையிலிருந்து முன்விளிம்பு வரை அளந்து காலண்டரில் குறித்தேன். காலண்டர் இப்போது சுவரில் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே அளவுதான்.

வெள்ளிக்கிழமை மாலை என் கணவர் பெம்பான் போய் அண்ணியை அழைத்து வந்தார். விளக்கு வந்திருக்கிறதா என்று நான் கண்ணால் கேட்டேன். காரில் இருக்கிறது என்று அவரும் கண்ணாலேயே சொன்னார். கைலியில் சுற்றிப் பின்சீட்டில் வைத்திருந்தார்களாம். பலகையைப் பார்த்து அண்ணிக்குப் பிடித்தால்தான் விளக்கு இறங்கும்.

அரிசிப் பைகளை நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை.

“என்ன இது, சாமி வைக்கிற எடத்துல மளிகைக் கடை?” என்றார் அண்ணி.

“இருபத்தஞ்சு கிலோ அண்ணி. அஞ்சு நாளா நிக்குது. அளந்து எழுதி வச்சிருக்கேன், பாருங்க.”

அவர் காலண்டரைப் பார்க்கவில்லை. பலகையின் முன்விளிம்பில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினார். அண்ணி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, பிறகு இருபது வருடம் பள்ளிக் கேண்டீனில் சட்டி தூக்கியவர். அந்தக் கைக்குப் பலம் உண்டு. பலகை அப்படியே நின்றது. குனிந்து அடியில் பார்த்தார். காலைத் தேடினாரோ என்னவோ. அப்போதுதான் பலகையின் அடிவிளிம்பை ஒட்டிக் கீழே, நான் பூசி மறைத்திருந்த ஓட்டை அவர் கண்ணில் பட்டது. பெயிண்ட் நிறம் சரியாகச் சேரவில்லை.

“இது என்னா?”

“கொசு அடிச்ச கறை அக்கா,” என்றார் என் கணவர்.

அண்ணி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தையில் சமாளித்திருக்கலாம். விளக்கு வாசலில் நிற்கிறது. ஆனால் மறைத்து வைத்த குறையோடு ஒரு சாமானை என் கை இதுவரை அனுப்பியதில்லை.

“நல்ல நேரத்துல போட்ட ஓட்ட அண்ணி. நீங்க போன் பண்ணப்ப அவசரத்துல போட்டது. கலவையில விழுந்துருச்சி, புடிக்கல. இப்ப பலகையத் தாங்குறது எல்லாம் ராகு காலத்துல போட்டது.”

என் கணவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

“ஒனக்குப் பயமா இல்ல?” என்றார் அண்ணி.

“இருந்துச்சி. அந்தப் பசை ஓட்டையில அம்மா வெளக்க ஏத்தி வச்சிட்டு, தெனம் எரியவிட்டுட்டு வேலைக்குப் போறத நெனச்சேன். அதுதான் பெரிய பயமா இருந்துச்சி அண்ணி.”

அண்ணி முதல் அரிசிப் பையை இறக்கித் தரையில் வைத்தார். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றார். ஐந்தையும் அவரே இறக்கினார். முந்தானையால் பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை துடைத்தார். பிறகு தம்பியிடம், “கார்ல இருக்கறத எடுத்துட்டு வா,” என்றார்.

என் கணவர் கைலிப் பொதியைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்து, வழக்கப்படி அக்காவின் முன்னால் நீட்டினார். அண்ணி கையை நீட்டவில்லை.

“எங்கிட்ட ஏன்டா நீட்டுற?” என்றார். “வீட்டுக்காரிகிட்ட குடு.”