பார்க்காமல் ஒட்டிய இருபது லேபிள்

சோடாக் கம்பெனி வைத்திருந்தேன் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தென்காசியில் ஓர் ஓட்டுக் கொட்டகையில், கையால் சுற்றுகிற ஒற்றை மிஷினை வைத்துக்கொண்டு, குற்றாலத்துக்குச் சாரலுக்கு வருகிற சீமான்களையெல்லாம் ஏப்பம் விடவைத்தேன். காலேஜ் படித்தவன் எவனாவது அப்படிச் செய்திருந்தால் வந்து சொல்லட்டும். ஈசிச்சேரை விட்டு எழுந்து நிற்கிறேன்.

என்னையும் சேர்த்துக் கம்பெனியில் மொத்தம் ஆறு பேர். அந்த ஆறு பேரும் ஒரு தடவை போட்டிக்குப் போய்க் கோப்பை வாங்கி வந்தோம். கோப்பை இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவேன். அது வந்த கதையை மட்டும் முழுசாகச் சொன்னதில்லை. இப்போது சொல்லலாம். மறுத்துப் பேசக்கூடியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கத்துச் சோடாக்காரர்கள் ஆறு கம்பெனி சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். தலைவர் வடக்கே பெரிய நிலக்காரர். சோடா மிஷினை அவர் தொட்டதே கிடையாது. சில பேர் குதிரை வாங்குவது மாதிரி அவர் ஒரு சோடாக் கம்பெனி வாங்கியிருந்தார். செயலாளர் கடையத்து அண்ணாச்சி, அவருக்கும் ஒரு கம்பெனி உண்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பேச்சு குறைவு, வாயில் எப்போதும் பாக்கு. தலைவருக்கு மாலை, அண்ணாச்சிக்கு வேலை என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கத்தின் கையில் எங்கள் குடுமி இருந்தது. சோடாவுக்கு கேஸ் வேண்டும். கேஸ் சிலிண்டர் மதுரையிலிருந்து சங்கத்தின் பெயருக்குத்தான் வரும். மாதாமாதம் எந்தக் கம்பெனிக்கு எத்தனை என்று லிஸ்ட் போட்டு, அண்ணாச்சி கையெழுத்து வைப்பார். அந்த லிஸ்டில் பெயர் இல்லாதவன் வெறும் தண்ணீர்தான் விற்க வேண்டும்.

கோலி வைத்த சோடாப் பாட்டிலில் கம்பெனிப் பெயர் கண்ணாடியிலேயே புடைத்துக்கொண்டு நிற்கும். பாட்டில் எளிதில் கிடைக்காது. சீசனில் குற்றாலத்தில் எல்லார் பாட்டிலும் எல்லாரிடமும் கலந்துவிடும். கடைக்காரன் கையில் கிடைத்ததைத் திருப்பிக் கொடுப்பான். அடுத்தவன் பாட்டில் வந்தால் அதில் அடைக்கக்கூடாது, வெள்ளிக்கிழமை சங்கத்தில் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி. மாற்றுகிற நாளில் பார்த்தால் எல்லாருக்கும் பாட்டில் குறையும். கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். அடுத்தவன் பாட்டிலில் அடைத்து அகப்பட்டவனுக்குக் கேஸ் நிறுத்தம். அந்தக் கூட்டத்தில் மேஜையைத் தட்டி மற்றவர்களைவிடச் சத்தமாகப் பேசினவன் நான்தான். மடியில் கனம் இருந்தது, அதனால் குரலிலும் இருந்தது.

என் கொட்டகையில் நடந்தது இதுதான். அருவிப் படம் போட்டுச் சிவப்பில் ஒரு லேபிள் அடித்து வைத்திருந்தேன். கேட்டால், பன்னீர் சோடாவுக்கு என்பேன். என் பாட்டிலுக்கு லேபிள் எதற்கு, பெயர்தான் கண்ணாடியிலேயே இருக்கிறதே. அந்த லேபிள் ஊரான் பாட்டிலுக்கு. அவன் பெயர் புடைத்திருக்கிற இடத்தில் ஒட்டிவிட்டால் பாட்டில் நம்முடையது. குடித்துவிட்டு வைத்த பாட்டில் அன்றைக்கே எங்கள் வண்டியில் ஏறிவிடும். லேபிளை உரித்துப் பார்க்க யாருக்குப் பொழுது இருக்கிறது.

ஒட்டுகிற வேலை என் மச்சானுக்கு. என் வீட்டுக்காரியின் அண்ணன். வயலில் விட்டால் வரப்பில் படுத்துக்கொள்வார், கடையில் உட்கார்த்தினால் வருகிறவர்களோடு ஊர்க்கதை பேசுவார். எதற்கும் ஆகாத மனுஷன் என்று ஊரே முத்திரை குத்தியவரை நான்தான் வேலைக்காரர் ஆக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, ஒட்டுவதில் அவர் சூரர். அடைத்த பாட்டிலை வாங்கி, தோள்துண்டில் ஒரு துடைப்பு, பெருவிரலால் ஒரு தடவல். என் பெயர் தட்டுப்பட்டால் அப்படியே பெட்டிக்குள் வைப்பார். வேறு பெயர் தட்டுப்பட்டால் பசை, லேபிள், ஓர் அழுத்து. கண் பாட்டில் பக்கமே போகாது. வாய் ஊர்க்கதையை விடாது. வருஷக்கணக்காக இதே வேலை.

அந்தச் சாரலுக்குத் தலைவருக்கு ஓர் ஆசை வந்தது. தொழில்காரர்கள் ஒற்றுமையாக இருக்க வேண்டும், அதற்கு விளையாட்டு வைக்க வேண்டும் என்றார். ஐந்தருவிப் பாதையில் ஒரு பங்களா மைதானம், பந்தல், ஒலிபெருக்கி. முதலில் கயிறு இழுப்பு, பிறகு சோடா அடைக்கிற பந்தயம். ஆறு கம்பெனியும் ஆள் அனுப்பியது.

கயிறு இழுப்புக்குத் தலைவர் இறக்கிய ஆட்களைப் பார்த்தேன். எட்டுப் பேரும் அவருடைய வயலில் மூட்டை தூக்குகிறவர்கள். அதில் ஒருவனைக் கூப்பிட்டு, சோடாவில் கோலி எதற்குப் போடுகிறார்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் விளையாட என்றான். ஆனால் நாங்கள் தோற்றதற்கு அவர்களைச் சொல்லிப் பயனில்லை. காலையில் அருவிக்குப் போனபோது என் ஆட்கள் ஐந்து பேரும் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தார்கள். குற்றாலத்துக்கு வந்து எண்ணெய் தேய்க்காமல் போனால் அருவி கோபித்துக்கொள்ளும் போல. எட்டுப் பேர் கணக்குக்கு இரவல் வாங்கிய இரண்டு பேரையும் சேர்த்துக் கயிற்றைப் பிடித்தோம். ஊதல் ஒலித்தது. கயிறு போய்விட்டது. என் ஆட்கள் கையை விரித்தபடி நின்றார்கள், கட்டிப்பிடிக்க வந்தவனைக் காணாத மாதிரி.

சோடா அடைப்பில் விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு வெறி. பந்தயம் இப்படி: சங்கத்து மிஷின் ஒன்று, கம்பெனிக்கு மூன்று ஆள், இரண்டு டஜன் பாட்டில். கழுவி, அடைத்து, பெட்டியில் அடுக்க வேண்டும். யாருக்கும் குறை வரக்கூடாது என்று ஒவ்வொரு கம்பெனிப் பாட்டிலிலும் நாலு நாலாகக் கலந்து கொடுத்தார்கள். நடுவர் ஒரு ஹெட்மாஸ்டர். கையில் கடிகாரம், மனசில் கள்ளம் கிடையாது.

இங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிற்று. இவ்வளவு கூட்டம் கூடியிருக்கிறதே, என் அருவிப் படத்தை எல்லாரும் பார்க்கட்டும் என்று லேபிள் கட்டையும் பசை டப்பாவையும் கொண்டுபோயிருந்தேன். விளம்பர மோகத்தில் அந்த லேபிள் எதற்குப் பிறந்தது என்பதே மறந்துவிட்டது. மச்சானைக் கூப்பிட்டு, இருபத்துநாலு பாட்டிலிலும் ஒட்ட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காதில் விழுந்தது என்று அர்த்தம் இல்லை.

எங்கள் முறை கடைசி. என் ஆட்கள் அன்றைக்கு அடைத்த மாதிரி அதற்கு முன்னும் அடைத்ததில்லை, பின்னும் இல்லை. மிஷின் சுற்றுகிற சத்தம் ஒலிபெருக்கியை அமுக்கியது. மச்சான் வேடிக்கை பார்க்கிறவர்களில் மேலகரத்துச் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் மகள் கல்யாணத்தை விசாரித்துக்கொண்டே ஒட்டினார். துடைப்பு, தடவல், அழுத்து. கூட்டம் அவர் கையையே பார்த்தது. மற்ற ஐந்து கம்பெனியையும் தாண்டி நாங்கள் முதலில் வந்தோம். நான் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கோப்பை வாங்கத் தயாரானேன்.

ஹெட்மாஸ்டர் எங்கள் பெட்டியைக் குனிந்து பார்த்தார். இருபது பாட்டிலில் அருவி சிவப்பாகக் கொட்டியது. நாலு பாட்டில் மொட்டையாக நின்றது. அந்த நாலு யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"இந்த நாலுக்கு மட்டும் ஏன் ஒட்டல?" என்று கேட்டார், பாடம் கேட்கிற மாதிரி.

மச்சான் நிமிர்ந்து பதில் சொன்னார். "அது நம்ம பாட்டிலுல்லா சார்."

தலைவர் அந்த நேரம் ஒலிபெருக்கியில் ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது என் அதிர்ஷ்டம். பாதிப் பேருக்கு மச்சான் சொன்னது கேட்கவில்லை. கேட்ட மீதிப் பேருக்குப் புரியவில்லை. ஒருவரைத் தவிர. கடையத்து அண்ணாச்சி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"பசை தீந்துட்டு சார்" என்றேன் நான்.

அண்ணாச்சி பசை டப்பாவை எட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். தன் தோள்துண்டை எடுத்து டப்பாவின் மேல் போட்டார். ஹெட்மாஸ்டர், பந்தயம் அடைப்பதற்குத்தானே, ஒட்டுவது கணக்கில் வராது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தலைவர் கையால் கோப்பை வாங்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணாச்சியும் தட்டினார், மெதுவாக, ஒவ்வொரு தட்டாக.

பங்களா வாசலில் டீக்கடை. அண்ணாச்சி என்னைக் கண்ணால் கூப்பிட்டார். போனேன். எனக்குப் பின்னால் மச்சான் கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை.

"தம்பி, உம்ம மச்சான் கண்ணக் கட்டிவிட்டாலும் ஒட்டுவாரு போலுக்கே."

"கைப்பழக்கம் அண்ணாச்சி."

"பழக்கந்தான். எத்தன வருசப் பழக்கம்னுதான் யோசிக்கேன்." டீயை ஆற்றினார். "திங்கக்கிழம கேஸ் லிஸ்டுல கையெழுத்துப் போடணும். அன்னைக்கு மேஜையத் தட்டுனீரே, அந்தத் தீர்மானம் ஞாபகம் இருக்கா வே?"

ஞாபகம் இல்லாமலா. கொட்டகை, மிஷின், ஆறு குடும்பம் எல்லாம் கண் முன்னால் தலைகீழாகச் சுற்றின. நான் யோசிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எல்லாம் அவராச் செய்தது அண்ணாச்சி. எனக்குத் தெரியாது. இன்னையோட அவர நிறுத்திடுதேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்கிறவர் பார்வை அது.

"நிறுத்தவா சொன்னேன்? எங்கிட்ட அனுப்பும்ங்கேன்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது சிரிக்கவும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் சங்கத்தில் அடுத்தவன் பாட்டிலைத் தன் கையால் எண்ணி ஒப்படைக்கிற செயலாளர், தன் கம்பெனியில் ஒட்டுகிறவன் கோணலாக ஒட்டுகிறான் என்று குறைப்பட்டார். கையெழுத்து உமக்கு, ஆள் எனக்கு என்றார். தீர்மானத்தில் அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. சரி என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் பின்னால் குரல் கேட்டது.

"மாப்பிளை, நிறுத்திடுதேன்னுட்டீருல்லா. பொறவு எங்கன போனா உமக்கென்ன." மச்சான் கோப்பையை என் கையில் கொடுத்தார். கோபமாகக்கூடக் கொடுக்கவில்லை. அண்ணாச்சியிடம் திரும்பினார். "அங்கன மத்தியானச் சோத்துக்கு மீன் உண்டுமா அண்ணாச்சி?"

"ஆத்து மீனு."

"அப்ப வாரேன்."

அப்படியே அண்ணாச்சி வண்டியில் ஏறிப் போய்விட்டார். நான் கோப்பையோடு தென்காசிக்கு வந்தேன். என் வீட்டுக்காரி வாசலில் நின்று கோப்பையைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள், மறுபடியும் கோப்பையைப் பார்த்தாள்.

"தகரத்தக் கொண்டாந்துட்டீய. எங்கண்ணன எங்க?"

பதில் சொன்னேன். எப்படிச் சொன்னேன், அவள் என்ன திருப்பிச் சொன்னாள் என்பதையெல்லாம் எழுத வேண்டாம். மூன்று வருஷம் அந்தக் கோப்பையில் கல்லுப்புப் போட்டு அடுக்களையில் வைத்திருந்தாள். இப்போதும் உள்ளே எட்டிப் பார்த்தால் பச்சை பிடித்திருப்பது தெரியும். அதனால் வருகிறவர்களுக்கு வெளிப்பக்கத்தை மட்டும் காட்டுகிறேன்.

திங்கட்கிழமை லிஸ்டில் என் பெயர் இருந்தது. சிலிண்டர் வந்தது. கம்பெனியை அதற்குப் பிறகு இரண்டு மிஷினாக்கி, நாலாக்கி, என் பேச்சைக் கேட்டு ஊரில் பாதிப் பேர் நடக்கிற அளவுக்கு வளர்த்தேன். ஒட்டுவதற்கு மட்டும் ஆள் அமையவில்லை. இரண்டு பேரை வைத்துப் பார்த்தேன். இரண்டு பேருமே பெயரை விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒட்டினார்கள். வேறு வழியில்லாமல் நேர்மையாகத் தொழில் செய்ய வேண்டியதாயிற்று.

அடுத்த சாரலில் மேலகரத்தில் ஒரு கடையில் தாகத்துக்கு நின்றேன். கடைக்காரர் கடையத்துச் சோடா ஒன்றை எடுத்து நீட்டினார். பச்சை லேபிள், புதுசாக அடித்தது, நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. என் பெருவிரல் தானாக லேபிளின் மேல் போயிற்று. அடியில் எழுத்து தட்டுப்பட்டது. படிப்பு குறைந்தவன்தான், ஆனாலும் என் பெயரை நான் தடவியே வாசிப்பேன்.

கடைக்காரர் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி, கோலியை அமுக்கி உடைத்துக் குடித்தேன். ஒட்டினதில் ஒரு குறை சொல்ல முடியாது. கேஸ்தான் கொஞ்சம் குறைவு.