ரிட்டன் ஒயர்

ஐம்பத்திரண்டு வயதில் நான் படம் வரையக் கற்றுக்கொள்ளப் போனேன். வீட்டில் அப்படித்தான் சொல்லிவைத்தேன். முழுப் பொய்யும் இல்லை. வரி வரியாக எழுதாமல், திரையில் கட்டங்களை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் ஒயர் இழுத்து நிரல் செய்யும் கம்ப்யூட்டர் வகுப்பு அது. திரையிலேயே ஒரு மீட்டரை உருவாக்கலாம். அதற்கு முள் வைக்கலாம். தொழிற்சாலைக் குழாயில் செருகியிருக்கும் சென்சாரிலிருந்து அளவு வந்தால் அந்த முள் அசையும். எல்லா வகையிலும் மீட்டர்தான்; சந்தேகம் வந்தால் விரலால் தட்டிப் பார்க்க முடியாது, அவ்வளவுதான் குறை.

"கலர் பென்சில் வாங்கணுமா?" என்று மனைவி கேட்டாள்.

"கலரெல்லாம் அதுவே குடுத்துடும்."

"அப்ப நீ இன்னாத்துக்குப் போற?"

நான் போனது ஒரு நாற்காலிக்காக. எண்ணூருக்குப் போகிற சாலையில் ஒரு தொழிற்சாலையில் மீட்டர்களைக் கழற்றித் துடைத்து மாட்டுகிற பிரிவில் எனக்கு வேலை. கன்ட்ரோல் ரூமில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே இரண்டு பெரிய தொட்டிகள். அவற்றுக்கு நடுவே ஒரு முழம் கடல். அந்த நாற்காலியில் உட்கார்ந்த இருபது வருடங்களில் மீட்டரைப் பார்த்ததைவிட அந்த ஒரு முழத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கப்பலின் மூக்கு இடது தொட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வரும். ஒரு டீ குடித்து முடிக்கும்போது வால் வலது தொட்டிக்குப் பின்னால் மறையும். ஒரு கப்பலையும் முழுசாகப் பார்த்தது கிடையாது. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் கிடையாது. துண்டு துண்டாக வருவதைச் சேர்த்துக்கொண்டு மிச்சத்தைக் கற்பனையில் விட்டுவிடுவது, புத்தகம் படிக்கிறவனுக்குப் பழகிப்போன சோம்பல்.

சுவரிலிருந்த மீட்டர்களையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் வைக்கப்போகிறோம் என்று மேலாளர் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்.

"நீங்க கத்துக்கிட்டா இந்தச் சீட்டு உங்களுக்கே. மூணு மாசம் டைம். ஒண்ணே ஒண்ணு செஞ்சு காட்டுங்க. கூலிங் வாட்டர் டெம்பரேச்சர் ஸ்கிரீன்ல வரணும்."

"வரலேன்னா சார்?"

"எடைமேடையில ஒரு ஆள் குறையுது."

எடைமேடைக்கும் ஜன்னல் உண்டு. அதில் லாரி தெரியும். முழுசாகத் தெரியும்.

திருவொற்றியூர் கடைத்தெருவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியம் வகுப்பு. சொல்லித்தந்தவள் முப்பத்தைந்து வயதிருக்கும், நெட்டுக்குப்பத்துப் பெண். ஹெல்மெட்டைக் கழற்றியதும் நல்ல இலக்கணத் தமிழில் ஆரம்பிப்பாள். நாங்கள் பண்ணும் கூத்தில் அரைமணி நேரத்துக்குள் சொந்தத் தமிழுக்கு வந்துவிடுவாள். என்னோடு எங்கள் எலக்ட்ரீஷியனும் சேர்ந்துகொண்டான். ராயபுரத்துக்காரன். ஓய்வுபெற மூன்று வருடம் பாக்கி, அவனுக்கு எந்த நாற்காலியும் ஆபத்தில் இல்லை. காலையில் கோயிலில் பூசை பார்த்துவிட்டு, மதியம் இங்கே வந்து நான் திணறுவதைப் பார்ப்பான். இரண்டிலும் மனம் லேசாகிறது என்பான்.

"ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கம் இருக்கு," என்று முதல்நாள் அவள் சொன்னாள். "முன்பக்கம் மீட்டர், பட்டன், விளக்கு. அது ஊர் பார்க்கிறது. பின்பக்கம் கட்டமும் ஒயரும். அது நாம படுற பாடு."

இது எனக்கு உடனே புரிந்துவிட்டது. குடும்பஸ்தன்.

அளவு தருகிற ஒரு கட்டம், மீட்டருக்கான ஒரு கட்டம். இரண்டையும் இணைத்தேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஒயர் அழகாக ஓடியது. தசம எண் என்றால் ஆரஞ்சு. பிறகு என் கை, யாரையும் கேட்காமல், மீட்டரிலிருந்து பழைய இடத்துக்கே இன்னொரு ஒயரை இழுத்தது. நிரலை ஓட்டுவதற்குத் திரையின் மேலே ஒரு வெள்ளை அம்புக்குறி உண்டு. எங்கோ தப்பு என்பதற்கு அடையாளமாக அது இரண்டாக உடைந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். "சார், அம்பு ஒடஞ்சி பூட்ச்சி பாருங்க. இது இன்னா ரெண்டாவது ஒயரு?"

"ரிட்டன்மா."

"இன்னா ரிட்டன்?"

"போன கரண்டு திரும்பி வர வேணாமா? இல்லேன்னா சர்க்யூட் எப்படி முழுசாவும்?"

"இதுல கரண்டே இல்ல சார். போறது நம்பரு. போனா போனதுதான். திரும்பி வூட்டுக்கு வராது."

"எம் பெரிய பையன் மாதிரின்னு சொல்லும்மா," என்றான் பின்னாலிருந்து எலக்ட்ரீஷியன். "துபாய் போனான். அத்தோட சரி."

முப்பது வருடம் இரண்டிரண்டாகவே ஒயர் இழுத்தவன் நான். ஒன்று போகும், ஒன்று வரும். ஒற்றை ஒயரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அடுத்த வாரமும் ரிட்டன் போட்டேன். அதற்கடுத்த வாரமும். கடைசியில் அவள் வெள்ளைப் பலகையில், 'ரிட்டன் கிடையாது' என்று பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டாள். வகுப்பில் பதினொரு பேர் இருந்தோம். பலகை எனக்கு மட்டும்.

மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஒரு கட்டம், தனக்கு வரவேண்டிய எல்லாம் வந்து சேரும்வரை வேலையைத் தொடங்காது என்பதுதான் இதில் அடிப்படை விதி. மூன்று ஒயர் வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்தால், சும்மா காத்திருக்கும். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு மரியாதையான காரணம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. பஸ்ஸில் திரும்பும்போது துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைப் பார்ப்பேன். சாலை ஆரஞ்சு ஒயராகிவிடும். லாரிக்கடியில் படுத்திருக்கும் டிரைவர், ஏதோ ஒரு எண் வந்து சேரக் காத்திருக்கும் கட்டம். உப்புக்காற்றும், திரையில் எண்கள் ஓடுவதுபோலவே, இடமிருந்து வலமாக வீசும். இறங்கவேண்டிய நிறுத்தத்தை இரண்டுமுறை தவறவிட்டேன்.

அலை ஒன்றை உருவாக்கித் திரையில் ஓடவிடும் பாடம் வந்த அன்று, நான் வேறு ஒன்றும் செய்யவில்லை. கீழே பேக்கரியில் பன் வேகும் வாசனை, தலைக்கு மேல் மின்விசிறி, எதிரே ஏறி இறங்கும் வெள்ளைக் கோடு.

"சார், தூங்கிகினு கீறீங்களா?"

"இல்லம்மா. அலை பாக்கறேன்."

"அலை பாக்க எங்க வூட்டாண்ட வாங்க, ஓசில காட்றேன். இங்க இன்னாத்துக்கு கஷ்டப்பட்டு மாடி ஏறிகினு!"

மூன்று மாதம் முடிந்த அன்று காலை பதினொரு மணிக்குக் கன்ட்ரோல் ரூமில் மேலாளர் வந்து நின்றார். சாட்சிக்கு எலக்ட்ரீஷியனும் வந்தான். கூலிங் வாட்டர் குழாயிலிருக்கும் சென்சாரிலிருந்து ஒயர் மேசைக்கு வந்திருந்தது. அதை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க எட்டு வாய் உள்ள ஒரு சின்னப் பெட்டி. முதல் வாயில் நானே காலையில் ஒயரைச் செருகி முடுக்கியிருந்தேன். அம்புக்குறியை அழுத்தினேன். உடையவில்லை.

திரையில் கோடு வந்தது. முப்பதைச் சுற்றி, அவசரமில்லாமல் ஏறியது, இறங்கியது. என்ன அழகு என்று நினைத்தேன். மேலாளரும் அதையே நினைத்திருக்க வேண்டும்.

"ஏன் இப்படி ஆடுது?"

வாய் தானாகத் திறந்தது. "கழிமுகத்துத் தண்ணி சார். கடல் உள்ள வந்து போவுது இல்ல, அதோட மூச்சு இது."

கூலிங் வாட்டர் கழிமுகத்திலிருந்து வருவது உண்மை. மூச்சு என் கைச்சரக்கு. மேலாளர் தலையசைத்தார். எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்த பார்வையில் முதன்முறையாக மரியாதை இருந்தது. இன்னும் கிட்டே பார்க்க மேலாளர் மேசையில் கையூன்றிக் குனிந்தார். கோடு உயர்ந்தது. அவர் நிமிர்ந்தார். கோடு தாழ்ந்தது. மறுபடி குனிந்தார். கோடு மறுபடி எழுந்து நின்றது.

அவரைக் கண்டு மனிதர்கள் அப்படி எழுந்து நிற்கப் பார்த்திருக்கிறேன். குழாய்க்குள் ஓடும் தண்ணீருக்கு மேலாளர் யாரென்று தெரிய நியாயமில்லை.

பெட்டியைப் பார்த்தேன். சென்சாரின் ஒரு ஒயர் வாயில் இருந்தது. இன்னொன்று, ரிட்டன், மேசைமேல் சுருண்டு கிடந்தது. நிஜமான கரண்டு, நிஜமான ஒயர், திரும்பி வந்தே ஆகவேண்டிய இடம். மூன்று மாதம் பாடுபட்டு மறந்ததை, மறக்கக்கூடாத ஒரே இடத்தில் மறந்திருந்தேன். திரையில் ஓடியது தண்ணீரின் சூடு அல்ல. பாதி ஒயர் அந்தரத்தில் இருந்ததால், காற்றிலும் சுவரிலும் பக்கத்தில் நிற்கும் ஆளிடமும் இருந்து எதையோ வாங்கிக்கொண்டு அது தன் பாட்டுக்கு அலைந்துகொண்டிருந்தது.

"வெரி குட்," என்றார் மேலாளர். "இதுவே போதும்." கதவுப் பக்கம் திரும்பினார்.

இரண்டு தொட்டிகளுக்கு நடுவே ஒரு கப்பலின் மூக்கு அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் கதவைத் தாண்டும்வரை நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கப்பல் என்னுடையது. அவர் போனபிறகு ஒயரைச் செருகிக்கொள்ளலாம். ஒரு பயலுக்கும் தெரியாது. இந்த நிரல் மொழியில் உண்மை, பொய் இரண்டுக்கும் ஒரே பச்சை ஒயர்தான் என்று அவள் சொல்லித்தந்தது ஞாபகம் வந்தது. எலக்ட்ரீஷியனும் மேசையைப் பார்த்துவிட்டான். அவன் உதடு 'ரிட்டன்' என்ற வார்த்தைக்கு வடிவம் கொடுத்தது. சத்தம் வரவில்லை. கூலிங் வாட்டர் உண்மையிலேயே சூடாகும் ஒருநாள், இந்தக் கோடு இப்படியே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

"சார். அது டெம்பரேச்சர் இல்ல."

அவர் நின்றார். "அப்புறம் என்ன?"

"நீங்கதான் சார்."

ரிட்டன் ஒயரைச் செருகினேன். அலை அப்படியே செத்தது. 31.4 என்ற இடத்தில் ஒரு நேர்கோடு, ரூல்தடி வைத்துப் போட்டதுபோல. இவ்வளவு அசிங்கமான ஒன்றை நான் அந்த அறையில் பார்த்ததில்லை.

"முன்னாடி நல்லா இருந்துச்சே," என்றார் மேலாளர். "இதுதான் நிஜம்னு எப்படி நம்பறது?"

"கையூன்றிப் பாருங்க சார்."

கையூன்றினார். கோடு அசையவில்லை.

"உங்களை மதிக்கவே இல்ல பாருங்க. அதான் நிஜம்."

எலக்ட்ரீஷியன் இருமினான். மேலாளர் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை குனிந்து நிமிர்ந்து சோதித்தார். பிறகு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "உக்காருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னா மாமு," என்றான் எலக்ட்ரீஷியன், அவர் தலை மறைந்ததும். "கடல் மூச்சு வுடுதா? மேனேஜருக்கே மூச்சு நின்னு பூட்ச்சி."

அடுத்த ஞாயிறு வகுப்பில் அவன்தான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்ய, நான் சொன்னது படத்துக்கு சார்! நெசமான ஒயருக்கா சொன்னேன்?" என்று பலகைக்குப் போய், 'ரிட்டன் கிடையாது' என்பதற்கு முன்னால், 'திரையில்' என்று சேர்த்து எழுதினாள்.

இப்போது பெட்டியின் ஏழு வாய்களில் ஏழு சென்சார்கள், இரண்டிரண்டு ஒயருடன். திரை முழுக்க நேர்கோடுகள். எட்டாவதில் ஒற்றை ஒயரைச் செருகி, மறுமுனையை ஜன்னல் கம்பியோரமாகத் தொங்கவிட்டிருக்கிறேன். திரையின் மூலையில் அதற்கென்று உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கட்டம்.

"அது என்ன?" என்று மேலாளர் ஒருநாள் கேட்டார்.

"ஸ்பேர் சார்."

"எதுக்கு ஆடுது?"

"அதுக்கு ஒண்ணும் தெரியாது சார். அதான்."

அவர் மேசையில் கையூன்றிக் குனிந்தார்; அது எழுந்து நின்றது. எடுக்கச் சொல்லவில்லை. ஜன்னலில் கப்பல் ஒன்று இடது தொட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. நான் டீயை எடுத்தேன்.