தேடிப் போகாத நடை

அமெரிக்காவின் ரெய்னியர் எரிமலை தூங்குகிறது. விழித்தால் அதன் பனி உருகிச் சேறு ஊருக்குள் பாயும். அதனால் அபாயச் சங்கு ஊதியதும் யாரும் யாரையும் தேடாமல் மேட்டுக்கு நடக்க வேண்டும். சென்ற ஆண்டு ஒத்திகையில் மார்லிஸ் தன் மகள் டெஸ்ஸைத் தேடிக் காரில் போய், பள்ளிக் குழந்தைகளின் பாதையையே அடைத்துவிட்டாள்.

இம்முறை ஒத்திகைச் சங்கு ஊதியதும் தன் பேக்கரியைச் சாத்திவிட்டு மேட்டை நோக்கி நடந்தாள். மகளின் கையைப் பிடிக்கும் ஏக்கம் கால்களைப் பள்ளிப் பக்கமே இழுத்தது.

"என்ன மார்லிஸ், இன்னைக்குக் கார் இல்லையா?" என்று சீண்டினான் பக்கத்துக் கடை எர்ல்.

"வாயை மூடிட்டு நடப்பா."

மேட்டில் வகுப்போடு நின்றிருந்த டெஸ் கேட்டாள்: "அம்மா, என்னைத் தேடி வரலைல்ல?"

"வரலைடி."

"நிஜமாவே சேறு வந்தாலும் வரக் கூடாது."

மார்லிஸ் தலையாட்டினாள். ஆசிரியை பிள்ளைகளை எண்ணி முடிக்கும்வரை வரிசைக்குள் யாரும் போகக் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் காத்து நின்றாள்.