ஊமைக் கோயிலுக்குப் போய் வந்தேன்

எஸ்தர், ஜான், நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "திருவிருந்து கொடுக்கிற ஞாயித்துக்கிழமை எல்லாரும் முன்னால போறாங்க, நீங்க மட்டும் ஏம்ப்பா பெஞ்சிலயே உக்காந்துகினு இருக்கீங்க?" என்று. முட்டி வலி என்றேன். ஜான் உடனே, "அப்போ வூட்ல முட்டி போட்டு ஜெபம் பண்றீங்களே, அது வலிக்காதா?" என்றான். அன்றைக்குப் பேச்சை மாற்றிவிட்டேன். பதில் இப்போது இருக்கிறது. அது கிடைத்த இடம் சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில். 1991 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் எஸ்தர் திருத்திக்கொள்ளட்டும்.

ஆசீர்வாதம் மாமாவை உங்களுக்கு நினைவிருக்கும். நம் தாம்பரம் கோயிலில் நானும் அவனும் எப்போதும் இரண்டாவது பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். அவன் வாய்விட்டு ஜெபம் பண்ணினால் அழுகிற குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கும். அப்படி ஒரு குரல்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் போய் இருந்தார்களே, அதை நீங்கள் லீவு என்று நினைத்திருப்பீர்கள். அது எனக்கும் அம்மாவுக்கும் வந்த சண்டை. (இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) அதை ஆசீர்வாதத்திடம் மட்டும் சொல்லியிருந்தேன். அடுத்த ஞாயிறு போதகர் அவனை ஜெபம் பண்ணச் சொன்னார். அவன் கண்ணீர் விட்டு ஜெபித்தான். "பிரிந்து போயிருக்கிற எங்கள் செல்லதுரையின் மனைவியைத் திரும்பச் சேர்த்துவையும் ஆண்டவரே" என்றான். கோயில் முழுக்க ஆமென் சொன்னது. அந்த ஆமென் என் முதுகில் விழுந்தது.

நீங்கள் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டீர்கள். ஆனால் கோயில் வாசலில் பெண்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்காகத்தான் ஜெபிச்சிக்கினே இருக்கோம்" என்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, "எல்லாம் சரியாப் போச்சாம்மா?" என்பார்கள். நான் ஆசீர்வாதத்தோடு பேசுவதை விட்டேன். அவன் கம்பெனி வேலை கிடைத்துச் சுங்குவார்சத்திரம் பக்கம் குடிபோய்விட்டான். மனதில் ஒருவன்மேல் கசப்பை வைத்துக்கொண்டு திருவிருந்தின் அப்பத்துக்கும் ரசத்துக்கும் கை நீட்டக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முட்டி வலி இதுதான்.

கடைசியில் அம்மாதான் சொன்னார்கள். "நானே மறந்துட்டேன். நீங்க இன்னும் இன்னாத்த கட்டிப் புடிச்சிகினு கீறீங்க? போய்ப் பாத்துட்டு வாங்க."

காலை ஆறு மணி. தாம்பரத்தில் ஸ்ரீபெரும்புதூர் பஸ். படப்பை, ஒரகடம் வழியாகப் போகிறது. சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் நாலு ரூபாய். படப்பை தாண்டியதும் ஜன்னலை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஐப்பசி மழையில் ஏரிகள் எல்லாம் கரை தொட்டு நிற்கின்றன. ஓரிடத்தில் இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் தண்ணீர், நடுவில் எங்கள் பஸ். பிளந்த கடலுக்கு நடுவில் மோசே போன மாதிரி இருந்தது. பக்கத்தில் கத்தரிக்காய்க் கூடையோடு இருந்த பெரியவர் நான் வாய் பிளந்து பார்ப்பதைக் கண்டு சிரித்தார்.

"இன்னா சார், தண்ணியே பாத்ததில்லியா?"

"இவ்ளோ பாத்ததில்லீங்க."

"நல்லாப் பாத்துக்க. இங்கல்லாம் கம்பெனி வரப்போவுதுன்னு பேசிக்கிறானுங்க, அப்புறம் ஏரி ஏது?"

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி எட்டே கால் மணிக்குச் சுங்குவார்சத்திரம். டீக்கடையில் டீ குடித்துவிட்டு வழி கேட்டேன். கடைக்காரர் நெற்றி நிறைய விபூதி.

"இங்க ஒரு சர்ச் இருக்காமே, ஆசீர்வாதம்னு ஒருத்தர்..."

"ஊமைக் கோயிலா? ஏரிக்கரையோட நேராப் போ. பாட்டு கேக்கும். திடீர்னு நின்னுடும். கரண்டு போச்சின்னு நெனச்சிக்காத, அதான் கோயிலு."

கரையோடு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். நாரைகள் என்னைக் கண்டு பறக்கக்கூட இல்லை. ஒரு தொழிற்சாலையின் நீளமான மதில். அதை ஒட்டினாற்போல் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை. அதுதான் கோயில். இடுப்பு உயரத்துக்குத்தான் சுவர். உள்ளே பெஞ்சு இல்லை, பாய். வயல் வேலைக்குப் போகிற பெண்கள், நீல யூனிஃபாரத்தில் ஆண்கள், எல்லாம் சேர்ந்து நாற்பது பேர் இருப்பார்கள். வாசலில் ஆசீர்வாதம் பாய் விரித்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தான். கையிலிருந்த பாயை என் காலடியில் விரித்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஒன்பது மணிக்கு ஆராதனை. பக்கத்தில் யூனிஃபாரம் போட்ட ஒருவர் என் காதருகே சாய்ந்தார்.

"புச்சா சார்? பாட்டு முடிஞ்சதும் யாருக்கு மனசுல பாரம் கீதோ அவங்க எந்திரிச்சி நிப்பாங்க. இன்னான்னு யாரும் கேக்க மாட்டோம். நின்னவங்க உக்கார்ற வரிக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டோம். கூட நிக்கணும்னு தோணுனா போய்ப் பக்கத்துல நிக்கலாம். அவ்ளோதான் ஜெபம்."

"இது யார் போட்ட சட்டம்?"

"ஆசீர் அண்ணன். இங்க வந்து ரெண்டு வருசம் ஆவுது, வாயத் தொறந்து ஒரு ஜெபம் பண்ணதில்ல. மொதல்ல அவருக்கு ஜெபமே தெரியாதுன்னு நெனச்சிகினோம்."

யாருக்கு? ஆசீர்வாதத்துக்கா ஜெபம் தெரியாது?

பாட்டு முடிந்தது. ஒரு பெண் எழுந்து நின்றாள். இன்னொருத்தி போய் அவள் பக்கத்தில் நின்றாள். கொட்டகையே அடங்கிவிட்டது. நிரம்பிய ஏரித் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்து யார் என்று பார்க்காமல் எல்லாரும் குனிந்திருந்தபோது, நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

பிள்ளைகளே, நாற்பது பேர் உங்களுக்காகப் பேசாமல் இருப்பதை நீங்கள் கேட்டதில்லை. அது ஒரு சத்தம். நம் கோயிலின் ஆமெனைவிடப் பெரிய சத்தம். முதலில் அம்மாவை நினைத்தேன். பிறகு அந்த ஆமெனை நினைத்தேன். பிறகு எதையும் நினைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கம் சங்கு ஊதியது. பத்து மணி. யூனிஃபாரக்காரர்களுக்கு அன்று ஓவர்டைம் வேலை, நேரத்துக்குப் போகாவிட்டால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஒருத்தரும் அசையவில்லை. முன்பின் தெரியாத என் ஒருவனுக்காக அவர்கள் சங்கை ஊத விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

என் தோளில் ஒரு தோள் வந்து பட்டது. நான் திரும்பவில்லை. பல வருஷம் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த தோளைத் திரும்பிப் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்? நான் உட்கார்ந்தேன். அவனும் உட்கார்ந்தான்.

யூனிஃபாரம் எல்லாம் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஒருவர் வாசலிலிருந்து கத்தினார்: "அண்ணே, சூப்பர்வைசர் ஏன் லேட்டுன்னு கேட்டா உம் பேரத்தான் சொல்வோம்!"

"பேரச் சொல்லாதீங்கடா, அதாண்டா நம்ம சட்டமே!" என்றான் ஆசீர்வாதம்.

கொட்டகை முழுக்கச் சிரித்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் கேட்ட அவன் குரல் அதுதான்.

மத்தியானம் அவன் வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி ஏரி மீனைக் குழம்பு வைத்திருந்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்.

"துரை, அன்னிக்கி நான் பண்ணது ஜெபம் இல்லடா. சேதி வாசிச்சேன். ஆண்டவருக்குத் தெரியாத சேதியா அது?"

"அதுக்காக இந்தக் குரலப் போய்ப் பூட்டி வெச்சிட்டியா?"

"உன் வூட்டு விசயத்த ஊருக்குச் சொன்ன வாயி. நீ சொல்லாம எப்படித் தொறக்கறது?"

"கொழம்பு ஆறுதுடா. ஜெபம் பண்ணு. சத்தமாப் பண்ணு. எம் பேர மட்டும் வுட்டுடு" என்றேன்.

அவன் பண்ணினான். முதல் வார்த்தை கரகரத்தது, இரண்டாவது வார்த்தையில் அந்தப் பழைய குரல் எழுந்தது. அடுப்படியில் இருந்த அவன் மனைவி கரண்டியோடு வந்து அப்படியே நின்றுவிட்டாள். சோற்றுக்கும் மழைக்கும் நன்றி சொன்னான். எவர் பேரும் இல்லை. ஆனால் அதற்குள் நாம் எல்லாரும் இருந்தோம்.

நம் கோயிலில் ஃபேன் இருக்கிறது, மொசைக் தரை இருக்கிறது, நல்ல மனுஷர்களும் இருக்கிறார்கள். ஒருவர் துக்கத்தைப் பார்த்ததும் நாம் உடனே வாயைத் திறந்துவிடுகிறோம், அவ்வளவுதான். அடுத்த திருவிருந்து ஞாயிறு என்னைப் பெஞ்சில் தேடாதீர்கள். முன்னால் பாருங்கள்.

திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூரில் நாலரை மணி பஸ். ஒரகடத்தில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். நான் சீட்டிலிருந்து எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் வந்தார்.

"இன்னா சார், எறங்கணுமா?"

"இல்ல, தாம்பரம்."

"அப்போ உக்காரு சார். எவ்ளோ சீட்டு காலியா கீது!"

நான் உட்காரவில்லை. இரண்டு பக்கமும் ஏரித் தண்ணீரில் வெயில் சிவந்துகொண்டிருந்தது. படப்பை வருகிற வரைக்கும் வாய் திறக்காமல் அப்படியே நின்றுகொண்டு வந்தேன். யாருக்காக என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.