பெட்டியில் வந்த நிறம்

2003 ஓகஸ்ட் 9, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்குக் கோயில் மணி அடித்தது. மீன்பிடிக்கப் போயிருந்த அப்பா ஏழு மணிக்குக் கடலால் வந்தார். ஏழே முக்காலுக்குப் பாணும் சம்பலும். எட்டு மணிக்கு, எல்லாச் சனிக்கிழமைகளையும் போல, அம்மா என்னைக் குசினி வாசலில் இருத்தித் தலைக்கு எண்ணெய் வைத்தார். இவ்வளவும் என் பழைய கொப்பியில் இருக்கின்றன. அப்போது எனக்குப் பதினைந்து வயது. எங்கள் மீனவ ஊரான பேசாலையில், வீட்டுப் படலையிலிருந்து கடற்கரைக்கு எத்தனை காலடி என்றுகூட எண்ணி எழுதி வைத்திருந்தேன்.

எண்ணெய் விஷயத்தில் அம்மா விட்டுக்கொடுக்கவே மாட்டார். வேரிலிருந்து நுனிவரை, ஒரு மயிர் தப்பாமல் தேய்ப்பார். பகலில் தலையில் துணியில்லாமல் கடற்கரைப் பக்கம் போகவும் விடமாட்டார். இடுப்புவரை இருந்த என் கருங்கூந்தலைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு இருந்தது. எனக்கோ அது சலித்துப்போயிருந்தது.

அதற்குக் காரணம் என் மச்சாள். அப்பாவின் அக்காவான மாமி குடும்பத்தோடு பிரான்சில் இருப்பவர். சண்டை ஓய்ந்திருந்த அந்த வருடம், மடு மாதா கோயில் திருவிழாவுக்கென்று மகளையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். மச்சாளுக்குப் பத்தொன்பது வயது. அவளுடைய கூந்தல் பின்னேர வெயிலில் செம்புபோல மின்னும். அது பெட்டியில் விற்கும் நிறம் என்று அறிந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைவு இல்லை. அவளிடம் இன்னொரு பெட்டி இருந்தது. "கொம்மா ஓமெண்டால் உனக்குத்தான்," என்றாள். அம்மாவின் சம்மதம் மட்டும் வேண்டும். திங்கட்கிழமை அவர்கள் மடுவுக்குப் புறப்பட இருந்தார்கள். ஆகவே எனக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

நான் ஒழுங்கான பிள்ளை. காரணங்களை எண் போட்டு எழுதினேன். ஒன்று, பள்ளிக்கூடம் தொடங்க மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது, அதற்குள் திரும்பக் கறுப்பாக்கிவிடலாம். இரண்டு, செலவில்லை. மூன்று, மச்சாளுக்குத் தலைமயிர் கொட்டவில்லை. நான்கு, திருச்சபை இதைப் பாவம் என்று சொல்லவில்லை. நான்காவதை மறைக்கல்வி படிப்பிக்கும் சிஸ்டரிடம் கேட்டு உறுதிப்படுத்தியிருந்தேன்.

முதலில் அப்பாவிடம் போனேன். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், நான்கையும் கேட்டுவிட்டுத் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். உப்புக்காற்றும் வெயிலும் பட்டு வெளிறிய தலை.

"என்னோட கடலுக்கு வா. ரெண்டு வருசத்தில சும்மாவே வரும்."

"உங்கட தலை வேற, அப்பா. இது வேற."

"வேறதான். இதுக்குப் பெட்டி இருக்கு. போய்க் கொம்மாவைக் கேள்."

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசித்து முடிக்கும்வரை நிமிரவில்லை.

"வேண்டாம்."

"ஏனம்மா?"

"வேண்டாமெண்டால் வேண்டாம்."

மச்சாள் எனக்காகப் பேசினாள். "இது தலைக்கு ஒண்டும் செய்யாது, மாமி. அங்க எல்லாரும் அடிக்கினம்."

"அங்க அடிக்கட்டும், பிள்ளை. உனக்கு வடிவாத்தான் இருக்கு. இவளுக்கு வேண்டாம்."

மத்தியானம் சாப்பிடும்போது அப்பா மெல்லத் தொடங்கினார். "ஆசைப்படுது. விடுமப்பா."

"உங்களுக்குத் தெரியாததே?" என்றார் அம்மா. அப்பா குனிந்து சோற்றைப் பிசைந்தார். அப்பாவுக்கு என்ன தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் காரணங்களில் ஒன்றுக்கும் அம்மா பதில் சொல்லவில்லை என்ற கோபம்தான் இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் பின்னால் போய் நின்று சொன்னேன். "நிறத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? மீனையும் அடுப்பையும் விட்டால் உங்களுக்கு என்ன தெரியும்?"

அம்மா கையிலிருந்த கோப்பையைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்தார். பிறகு வெகு சாதாரணமாகச் சொன்னார்.

"கதிரையைக் கொண்டா. நானே அடிச்சு விடுறன்."

பெட்டியோடு வந்த கையுறை அவர் கைக்குப் போதவில்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டு, மச்சாள் சொல்லச் சொல்ல வெறுங்கையாலேயே பூசினார். காலையில் எண்ணெய் தேய்த்தது போலவே, வேரிலிருந்து நுனிவரை. எண்ணெய்த் தலையில் பிடிக்காது என்று மச்சாள் சொன்னதால் அதற்குமுன் இரண்டு தரம் அவரே முழுகவும் வார்த்திருந்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்து நாற்பது நிமிடம் கணக்கெடுத்தேன். கழுவிக் காய்ந்தபோது கூந்தல் மச்சாளுடையதைவிடச் சிவந்திருந்தது. "எதிர்பார்க்கேல்லை, நல்லாப் பிடிச்சிருக்கு," என்றாள் மச்சாள். அம்மா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

பின்னேரம் கடற்கரையில் நின்ற அப்பாவுக்கு நானும் அம்மாவும் தேத்தண்ணி கொண்டுபோனோம். நான் கூந்தலை விரித்துவிட்டு முன்னால் நடந்தேன். வழியில் மீன் காயவைக்கும் வாடி. அங்கே பாயில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, அம்மாவின் வயதுக்காரி, நிமிர்ந்து கையால் வெயிலை மறைத்துப் பார்த்தாள்.

"ஆரடி இது? கொம்மாதான் சின்னப்பிள்ளையாத் திரும்பி வாறாளெண்டு பயந்திட்டன். இதே செம்பட்டைத் தலைதான் அவளுக்கும்."

பிறகு பின்னால் வந்த அம்மாவைப் பார்த்தாள். "என்னடி, உன்ர பட்டப்பெயரை மகளுக்குக் குடுத்திட்டியோ?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். "இவளுக்குப் பிரான்சிலயிருந்து வந்தது," என்றார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு உண்மையா இந்த நிறமே இருந்தது? பெட்டி ஒண்டும் இல்லாமலே?"

"ஓம்."

"நீங்கள் குடுத்து வச்சனீங்கள், அம்மா."

அம்மா என் கூந்தலைச் சேர்த்து ஒரு முடிச்சாகப் போட்டுவிட்டார். "நட. அப்பாவுக்குத் தேத்தண்ணி ஆறப்போகுது."

அம்மாவின் தகப்பன் கடலில் இறந்துபோனதும், ஒன்பது வயதில் அம்மா வாடிக்கு மீன் வெட்டப் போனதும், பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றதும் எனக்கு அன்றே தெரிந்திருந்தன. வீட்டில் யாரும் ஒளித்த விஷயங்கள் அல்ல. ஆனால் அந்த வருடங்களுக்கு ஒரு நிறம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் நின்று சிவந்த அந்தத் தலையை வைத்தே ஊர்ப் பிள்ளைகள் அவரைக் கூப்பிட்டதும், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாததும், அப்பா சொல்லி நான் அறிந்தபோது எனக்கே ஒரு மகள் இருந்தாள். அந்தச் சனிக்கிழமை நிறம் பூசியதைப் பற்றி நான் கொப்பியில் எழுதியிருப்பது ஒரு வரிதான்: "அம்மா சம்மதித்தார். நான்காவது காரணம்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கண் விழித்ததும் முதல் வேலையாகத் தலையணையில் கிடந்த ஒரு மயிரை எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நிறம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்தேன்.