மிஸ் பாலார்டின் வெள்ளைக் கையுறை

ஹார்டென்ஸ் பாலார்ட் போய்ச் சேர்ந்ததும் எங்கள் அமெரிக்க மாநிலமான அயோவாவின் பத்திரிகைகள் "ஆயிரம் பெண்களுக்குத் தாய்" என்று எழுதின. தாயாம்! அந்தத் தாயிடம் வளர்ந்த லட்சணம் எனக்கல்லவா தெரியும்.

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவிகளுக்கான டீன். நாங்கள் எதை உடுத்துவது, யாரோடு ஆடுவது, விடுதிக்கு எப்போது திரும்புவது, எல்லாவற்றிலும் அவர் வைத்ததே சட்டம். ஞாயிறு மாலை அவர் வீட்டில் தேநீர். வெள்ளைக் கையுறையோடு உள்ளே வர வேண்டும். கோப்பையைத் தொடும்போது கழற்றிவிட வேண்டும். கழற்றத்தானே போகிறோம் என்று போடாமல் வந்தால் தொலைந்தோம்.

என் அறைத்தோழி ஓப்பல் லிண்ட்குவிஸ்ட் ஒருநாள் கையுறை போடாமல் தேநீருக்கு வந்தாள். பண்ணையில் பால் கறக்கும் வீட்டுப் பெண்.

"பனியில கை வெடிச்சிருக்கு மேடம். கையுறை போட்டா புண்ணுல ஒட்டிக்குது."

"எங்க, எல்லாரும் பாக்கட்டும். நீட்டு."

நீட்டினாள். ரத்தம் கசிந்தது.

"மாட்டுக் கொட்டகையில இருந்து நேரா இங்கதான் வர்றியா? இந்தக் கையோட எந்த வகுப்புல போய் நிப்பே?"

பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். ஆசிரியை ஆவதற்காகவே பிறந்தவள் ஓப்பல். ஆனால் டீனின் நற்சொல் இல்லாமல் எந்தப் பள்ளியும் வேலை தராது. மிஸ் பாலார்ட் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. ஓப்பல் முதியோர் இல்லத்தில் மலச்சட்டி கழுவப் போனாள். காலப்போக்கில் அங்கே அவளே நிர்வாகி ஆனாள். நான் அங்கே சமையல்.

பிறகு காலம் மாறியது. பெண்கள் கால்சட்டையில் திரிந்தார்கள், டீன் பதவியையே எடுத்துவிட்டார்கள். மாணவியர் விடுதிக்கு மிஸ் பாலார்டின் பெயரை வைத்துவிட்டு ஆளை மறந்தார்கள். கல்யாணம் கூடாத பதவி அது. நாதியில்லாமல் எங்கள் இல்லத்துக்கே வந்து சேர்ந்தார். விரல்கள் இஞ்சிக் கிழங்குபோல் முறுக்கிக்கொண்டிருந்தன.

முதல் நாள் மாலை ஓப்பல் தேநீரை மேசையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை.

"போட்டுக்கங்க மேடம். போட்டதும் கழட்டிடலாம். அப்புறம் குடிக்கலாம்."

நான் ஓப்பலின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "பாவம்டி, விட்டுத்தொலை."

"நீ போய் உன் அடுப்பப் பாரு."

மிஸ் பாலார்ட் முயன்றார். கட்டைவிரல் நுழையவே இல்லை. தேநீரில் ஆடை படர்ந்தது. ஓப்பல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மன்னிப்பு என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அது வந்திருந்தால் கோப்பையைத் தானே வாயருகே பிடித்திருப்பாள்.

கிழவி நிமிர்ந்து பார்த்தார். "நீ செய்றது சரிதான் மிஸ் லிண்ட்குவிஸ்ட். சட்டம்னா சட்டம். ஒருத்தியாவது கத்துக்கிட்டியே."

ஓப்பலின் முகம் செத்துப்போனது. தேநீரைக் கைகழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு வெளியேறினாள்.

மறுநாள் காலை நான் கஞ்சியோடு போனேன். மிஸ் பாலார்ட் கட்டிலில் உட்கார்ந்து கையுறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விரல் தோல் உரிந்து, வெள்ளைத் துணியெல்லாம் ரத்தம்.

"சாயங்காலத்துக்குள்ள ஏறிடும்," என்றார்.